5 வயதுப் பையனுக்கு மூக்கில் சதை, ஆபரேஷன் சொல்கிறார்கள். கூடவே மாமியாரின் தலைசுற்றல்

மடிப்பாக்கம் மீனா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு 5 வயது முடிந்து மூன்று மாதம், யூகேஜி படிக்கிறான். போன மழைக்காலத்தில் பிடித்த சளி இன்னும் முழுசாக விடவில்லை. ஒரு வாரம் நன்றாக இருப்பான், அடுத்த வாரம் மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். ராத்திரி வாயைத் திறந்துகொண்டுதான் தூக்கம், காலையில் தலையணை உறை எச்சிலில் நனைந்திருக்கும். குறட்டை என்றால் பெரியவர்கள் விடுகிற மாதிரிக் குறட்டை. காது மந்தமான என் மாமியாருக்கே அடுத்த அறையில் கேட்கிறது, "அது என் பிள்ளையா, பேரனா?" என்று காலையில் கேட்கிறார்.

பக்கத்தில் ஒரு ஈஎன்டி கிளினிக்கில் காட்டினோம். பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். "அடினாய்டு, அதாவது மூக்குக்குப் பின்னால் இருக்கிற சதை, 80 சதவீதம் அடைத்திருக்கிறது, எடுத்துவிடலாம், மயக்கம் கொடுக்கும்போதே டான்சிலையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஒரே வேலை" என்று சொல்லி, அடுத்த வியாழனுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். உள்ளே போய் வெளியே வர ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரோ, "அது ஏழு எட்டு வயதுக்கு மேல் தானே சுருங்கும், ஸ்ப்ரே எழுதுகிறேன், பொறுங்கள்" என்கிறார். யாரை நம்புவது?

இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. ஸ்கூலில் மிஸ், "கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறான், கவனமே இல்லை, வீட்டில் போன் நிறைய கொடுக்கிறீர்களா?" என்று டைரியில் எழுதி அனுப்பிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டிவி சத்தத்தை 38-இல் வைக்கிறான், ஆனால் அது பாட்டியோடு சீரியல் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் என்று நினைக்கிறேன், அவரும் 38-தான்.

அதே மாமியாருக்கு (68 வயது, சுகர் இல்லை) இரண்டு மாதமாகத் தலைசுற்றல். விடியற்காலையில் படுக்கையில் வலது பக்கம் புரண்டால் அறையே சுற்றுகிறதாம். பீரோவைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். கழுத்து எலும்பு தேய்மானம் என்று சொல்லி ஒரு டாக்டர் காலர் போடச் சொன்னார், தலைசுற்றல் மாத்திரையும் கொடுத்தார். மாத்திரை போட்டால் நாள் முழுக்கத் தூங்கி வழிகிறார், சுற்றல் மட்டும் போகவில்லை. இதுவும் காது சமாச்சாரமாக இருக்கலாம் என்று என் தங்கை சொல்கிறாள்.

வியாழக்கிழமைக்குப் போகலாமா, தள்ளிப்போடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செம்பாக்கம் சுதா:

மீனா, இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படியே எங்கள் வீட்டுக் கதை. என் பெண்ணுக்கு அப்போது 6 வயது. அடினாய்டு மட்டும் எடுத்தோம், டான்சிலைத் தொடவில்லை.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். இன்று ராத்திரி அவன் நன்றாகத் தூங்கிய பிறகு, சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சு தெரிகிற மாதிரி போனில் பத்து நிமிஷம் வீடியோ எடுங்கள். குறட்டை ஒரே தாளத்தில் போகிறதா, இல்லை நடுவில் நின்று, நெஞ்சு மட்டும் உள்ளே இழுத்து, ஒரு சில நொடி கழித்து 'ஹக்' என்று திணறி மறுபடி மூச்சு வருகிறதா என்று பாருங்கள். நாங்கள் அதை வெறும் குறட்டை என்று நினைத்துப் பல மாதம் சிரித்துக்கொண்டிருந்தோம். இரண்டாவதாகப் பார்த்த டாக்டரிடம் வீடியோவைக் காட்டினதும் அவர் முகம் மாறிவிட்டது. எக்ஸ்ரேயைவிட இந்த வீடியோதான் எனக்கு முக்கியம் என்றார். கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு தூங்குவது, திடீரென்று படுக்கையில் சிறுநீர் போக ஆரம்பிப்பது, பகலில் காரணமில்லாத எரிச்சல், இதெல்லாம் உண்டா என்றும் கேட்டார். எங்களுக்கு மூன்றும் இருந்தது.

ஆபரேஷன் அன்று காலை 7 மணிக்குள் வரச் சொன்னார்கள், திட உணவு 6 மணி நேரம் கூடாது என்பதால் பசியில் அவள் போட்ட சத்தத்தில் அந்த வார்டே எழுந்துகொண்டது. உள்ளே இருந்தது முக்கால் மணி நேரம். வாய் வழியாகவே எடுப்பதால் வெளியே காயம், தையல் எதுவும் இல்லை. மறுநாள் காலை வீடு. மூன்றாம் நாளிலிருந்து வாயில் ஒரு நாற்றம் வரும், பயப்பட வேண்டாம், அது ஆறுகிற புண். இரண்டு வாரம் மூக்கால் பேசினாள், அப்புறம் சரியாகிவிட்டது. ஐஸ்கிரீம் விஷயம் உண்மைதான், கொடுக்கச் சொன்னார்கள். என் அம்மாதான் "ஆபரேஷன் பண்ணின தொண்டைக்கு ஐஸா?" என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

முதல் ராத்திரி அவள் வாயை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் தூங்கினதைப் பார்த்து, மூச்சு இருக்கிறதா என்று மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன்.

அதனால் நான் ஆபரேஷனுக்கு எதிரி இல்லை. ஆனால் ஐந்து நிமிஷத்தில் தேதி கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு இடத்தில் காட்டுங்கள்.

ஆடியோ அக்கா:

நான் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலையில் 14 வருடமாக இருக்கிறேன். மீனா, நீங்கள் 'சம்பந்தம் உண்டா தெரியவில்லை' என்று ஓரமாகச் சொன்ன விஷயம்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அந்த 38. பையனுக்கு இதுவரை யாராவது காது டெஸ்ட் எடுத்தார்களா? நீங்கள் எழுதியதில் எங்கேயும் இல்லை.

மூக்குக்குப் பின்னால், அடினாய்டு இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, நடுக்காதிலிருந்து வரும் ஒரு குழாய் திறக்கிறது. யூஸ்டேசியன் குழாய். கொட்டாவி விடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் அது திறந்து காதுக்குள் காற்றை விடும். லிஃப்டில் ஏறும்போது காது 'டப்' என்று திறக்கிறதே, அதுதான். குழந்தைகளுக்கு இந்தக் குழாய் சின்னது, கிட்டத்தட்டப் படுக்கை வசமாக இருக்கும். அதனால் மூக்குச் சளியும் அடினாய்டும் சேர்ந்து அதை எளிதில் கெடுத்துவிடும். காற்று போகாவிட்டால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் சேரும், நாளாக ஆகப் பசை மாதிரிக் கெட்டியாகும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, சீழ் வடியாது. குழந்தை புகார் சொல்லவே சொல்லாது, ஏனென்றால் அதற்கு உலகம் அப்படித்தான் என்று நினைப்பு. நாம் காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி. சுமார் 25, 30 டெசிபல் குறையும். பக்கத்தில் நின்று பேசினால் கேட்டுவிடும். அதனால்தான் வீட்டில் தெரியாது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் சத்தத்தில், மின்விசிறி ஓடும்போது, மிஸ் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னால் அவனுக்குப் பாதிதான் போய்ச் சேரும். பிறகு டைரியில் 'கவனம் இல்லை' என்று வரும்.

இரண்டு டெஸ்ட் போதும். ஒன்று டிம்பனோமெட்ரி: காதில் ஒரு சின்ன ரப்பர் முனை வைத்து லேசாகக் காற்றழுத்தம் கொடுப்பார்கள், ஒரு காதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. சரியான காதென்றால் பேப்பரில் ஒரு கூரை மாதிரிக் கோடு எழும்பும், பின்னால் நீர் இருந்தால் தட்டையாக ஓடும். இன்னொன்று ஆடியோகிராம்: ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையைக் கூடையில் போடச் சொல்வோம். 5 வயதுப் பிள்ளைகள் விளையாட்டாகவே செய்துவிடுவார்கள். என் கூடையில் பாதிக் கட்டைகளைப் பல்லால் கடித்து வைத்திருக்கிறார்கள், அது வேறு கதை.

நீர் இருந்தாலும் பயப்பட வேண்டாம், பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானே வற்றிவிடும். அதனால்தான் உடனே கத்தி எடுக்காமல் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். வற்றாமல், கேட்பதும் குறைவாகவே இருந்தால், செவிப்பறையில் குரோமெட் என்று ஒரு குட்டிக் குழாய் பொருத்துவார்கள். ஒரு அரிசிமணியைவிடச் சின்னது, சுமார் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்தில் தானே விழுந்துவிடும்.

பாட்டிக்கும் டெஸ்ட் எடுங்கள். அவருக்குப் பேரன் குறட்டை கேட்கிறது, டிவி வசனம் புரியவில்லை. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. வயதாகும்போது முதலில் போவது மேல் சுருதிதான். குறட்டை, பேருந்து, கிரைண்டர் எல்லாம் கீழ் சுருதி, கேட்கும். 'ச', 'ஸ்', 'த' மாதிரி எழுத்துகள் மேலே இருப்பவை, அவை நழுவும். அதனால் 'சத்தம் கேட்குது, என்ன சொல்றீங்கன்னுதான் தெரியல' என்பார்கள். இதை நான் வாரத்துக்கு இருபது முறை கேட்கிறேன். ஒரே ரிமோட்டில் ஒரே 38, இரண்டு பேருக்கும் வேறு வேறு காரணமாக இருக்கலாம்.

குன்றத்தூர் குமரன்:

எல்லோரும் ஆபரேஷன், குழாய் என்றே போகிறீர்கள். டான்சில், அடினாய்டு எல்லாம் உடம்பின் காவல்காரர்கள், அதை வெட்டிவிட்டால் எதிர்ப்பு சக்தி போய்விடும். எங்கள் வீட்டில் நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டு போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் காதில் இரண்டு சொட்டு விடுவோம், நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்போம். நான்கு தலைமுறையாக யாருக்கும் காது கேட்காமல் போகவில்லை. பாட்டி காலத்தில் கோழி இறகால் குறும்பி எடுப்பார்கள், இப்போது அதற்கும் டாக்டர்.

ஓபி டோக்கன்:

அரசு மருத்துவமனை ஒன்றில் ஈஎன்டி பார்க்கிறேன். பெயர் வேண்டாம். பையனைப் பார்க்காமல் இணையத்தில் ஆபரேஷன் வேண்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் குமரன் சார் எழுதியதற்குப் பதில் சொல்லாமல் போனால் இன்று ராத்திரி யாராவது எண்ணெய் காய்ச்சுவார்கள்.

காவல்காரர் என்பது சரி. ஆனால் தொண்டையைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி இந்தத் திசு நிறைய இடத்தில் இருக்கிறது, நாக்கின் அடியிலும் உண்டு. ஒன்றிரண்டை எடுத்தால் மீதி வேலை பார்க்கும், அதனால் குழந்தை நோஞ்சானாகிவிடாது. அதே சமயம் தேவையில்லாமல் எடுப்பதற்கும் நான் ஆள் இல்லை. தொண்டை வலிக்காக டான்சில் எடுப்பதற்கு உலகம் முழுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்: ஒரே வருடத்தில் 7 முறை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் வருடத்துக்கு 5 முறை, அல்லது மூன்று வருடம் வருடத்துக்கு 3 முறை, அதுவும் காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுவது என்று சரியான தொற்றாக வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தூக்கத்தில் மூச்சு நிற்கிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். 'மயக்கம் கொடுக்கும்போதே சேர்த்து' என்பது காரணம் ஆகாது. டான்சில் எடுத்தால் வலியும் அதிகம், ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் ரத்தம் கசியும் வாய்ப்பும் உண்டு. அப்படிக் கசிந்தால் எந்த நேரமானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அடினாய்டு மட்டும் என்றால் அவ்வளவு பாடு இல்லை.

குழந்தை மருத்துவர் சொன்னதிலும் தப்பில்லை. அடினாய்டு மூன்றிலிருந்து ஏழு வயதுவரை பெரிதாக இருக்கும், அப்புறம் சுருங்கும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே பல பிள்ளைகளுக்குக் குறட்டையைக் குறைக்கிறது. ஸ்டீராய்டு என்றதும் பதற வேண்டாம், மூக்கோடு நிற்கிற அளவுதான். ஆனால் அடிக்கிற விதம் முக்கியம்: தலையைக் கொஞ்சம் குனிந்து, முனையை மூக்கின் நடுச்சுவர் பக்கம் திருப்பாமல் வெளிப்பக்கம், அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்துத் திருப்பி அடிக்க வேண்டும். நேராக நடுச்சுவரில் அடித்துவிட்டு 'ரத்தம் வருது சார்' என்று வருபவர்கள்தான் அதிகம். அப்படி மூக்கில் ரத்தம் வந்தால், எலும்புக்குக் கீழே இருக்கும் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிஷம் விடாமல் பிடியுங்கள், தலையை முன்னால் குனியுங்கள். எல்லோரும் குழந்தையை அண்ணாந்து பார்க்க வைக்கிறார்கள், ரத்தம் அத்தனையும் வயிற்றுக்குள் போய் வாந்தியாக வருகிறது.

இப்போது எண்ணெய். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று வெளியே இருந்து உங்களுக்குத் தெரியாது. ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக நடுக்காதுக்குப் போகும். ஓட்டை இல்லையென்றாலும், சென்னையின் புழுக்கத்தில் எண்ணெய் தங்கிய காது காளானுக்கு விருந்து. மழைக்காலத்தில் என் ஓபியில் வருகிற காது அரிப்பில் பெரும்பங்கு இதுதான். உள்ளே பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்த மாதிரி இருக்கும், மேலே கறுப்புப் புள்ளிகள். உறிஞ்சிச் சுத்தம் செய்து, காளானுக்கான சொட்டு மருந்து ஓரிரு வாரம் விட வேண்டும். குறும்பி தானாக வெளியே வரும்படிதான் காது கட்டப்பட்டிருக்கிறது. பட்ஸ், ஊக்கு, சாவி, கோழி இறகு எல்லாம் அதை உள்ளே தள்ளுகிறவை. எண்ணெய்க்கு நான் ஒரே ஒரு இடம் கொடுப்பேன்: காதுக்குள் உயிரோடு பூச்சி புகுந்துவிட்டால், காதில் வேறு கோளாறு இல்லாதவருக்கு, சூடில்லாத எண்ணெய் சில சொட்டு விட்டால் பூச்சி அடங்கும், அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆவி பெரியவர்களுக்குச் சுகம்தான், நானும் பிடிப்பேன். சின்னப் பிள்ளையைப் போர்வைக்குள் கொதிக்கிற பாத்திரத்தோடு உட்கார வைக்காதீர்கள். தொடை வெந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மாமியார் விஷயம் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கழுத்து மாதிரித் தெரியவில்லை, உள்காது மாதிரி இருக்கிறது. காலரை வைத்துக்கொண்டு இன்னும் மாதக்கணக்கில் மாத்திரை போட வேண்டாம், நேரில் காட்டுங்கள். நம் மயிலாப்பூர் பென்ஷனர் சார் வந்து தன் கதையைச் சொல்வார் பாருங்கள், இந்த நோய்க்காரர்கள் கதை சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

மயிலாப்பூர் பென்ஷனர்:

டாக்டர் கூப்பிட்டுவிட்டார், வந்துவிட்டேன்! எனக்கு 71. போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை கோயிலுக்குக் கிளம்ப எழுந்தேன், கட்டிலோடு சேர்ந்து வீடே கவிழ்ந்த மாதிரி இருந்தது. பக்கவாதம் என்றே முடிவு கட்டி, மனைவியிடம் பாஸ்புக் இருக்கிற இடத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். முக்கால் நிமிஷத்தில் நின்றுவிட்டது. மறுபடி படுத்தால் மறுபடி. பீரோ மேல் தட்டைப் பார்க்க அண்ணாந்தால் வரும், குனிந்து செருப்பு மாட்டினால் வரும், நேராக உட்கார்ந்திருந்தால் ஒன்றுமே இல்லை.

காட்டிய இடத்தில் டாக்டர் என்னை மேஜையில் உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, படக்கென்று பின்னால் சாய்த்து என் கண்ணையே பார்த்தார். கண் தானாகத் துடிக்குமாம், அதை வைத்து எந்தக் காது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். உள்காதில் சுண்ணாம்புத் துகள் மாதிரிக் குட்டிக் குட்டிப் படிகங்கள் இருக்கின்றனவாம், அவை இருக்க வேண்டிய இடத்தை விட்டுப் பக்கத்திலிருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிட்டால், தலையை ஆட்டும்போதெல்லாம் அவை உருண்டு, மூளைக்குப் 'சுற்றுகிறாய்' என்று பொய்ச் செய்தி அனுப்புமாம். இதற்கு மாத்திரையே கிடையாது, தலையை வரிசையாக நாலு நிலையில் திருப்பித் திருப்பி அந்தத் துகளைப் பழைய இடத்துக்கே உருட்டிவிட வேண்டும். எப்ளே முறை என்று பெயர். நம் சின்ன வயதில் கையில் வைத்து ஆட்டுவோமே, கோலிக்குண்டைப் பள்ளத்தில் விழ வைக்கிற டப்பா, அதே வேலைதான். செய்யும்போது ஒரு சுற்று பயங்கரமாகச் சுற்றும், மனைவி கையைப் பிடித்து நகம் பதித்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை செய்தார்கள், அதோடு சரி. யூட்யூப் பார்த்து வீட்டில் செய்யாதீர்கள், எந்தப் பக்கம் என்று தெரியாமல் செய்தால் பிரயோஜனமில்லை.

ஆனால் ஒன்று. சுற்றலோடு பேச்சு குழறினால், ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தால், முகம் கோணினால், நடக்கவே முடியாவிட்டால் அது இந்தக் கதை இல்லை, உடனே 108. அதேபோல ஒரு காது திடீரென்று ஒரே நாளில் கேட்காமல் போனாலும் 'சளி அடைத்திருக்கும்' என்று காத்திருக்காதீர்கள். என் நண்பர் ஒருவர் மூன்று வாரம் காத்திருந்துவிட்டுப் போனார், முதலிலேயே வந்திருந்தால் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றார்கள்.

காது மெஷினும் நான் போட்டிருக்கிறேன். முதல் வாரம் குக்கர் விசில் இடி மாதிரிக் கேட்கும், பேப்பர் திருப்பினால் எரிச்சல் வரும். கழற்றி டிராயரில் போட்டுவிடாமல் தினம் கொஞ்ச நேரம் கூட்டிக்கொண்டே போக வேண்டும், மூளை பழக ஒரு மாதமாவது ஆகும். நம் ஊர் வியர்வைக்கு ராத்திரி ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைக்காவிட்டால் மெஷின் ஆறு மாதம் தாங்காது.

ஆடியோ அக்கா:

சார் சொன்னதோடு ஒன்று. மெஷினில் போடும் பேட்டரி சட்டைப் பொத்தான் அளவில் பளபளவென்று இருக்கும், வீட்டில் 5 வயதுப் பையன் இருக்கிறான். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் சில மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும். புளியங்கொட்டை, கொண்டைக்கடலை மூக்கில் போனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம், பேட்டரி என்றால் ராத்திரி 2 மணியானாலும் கிளம்ப வேண்டும். சொட்டு மருந்து எதுவும் விடக்கூடாது. விழுங்கிவிட்டால் இன்னும் அவசரம். குழந்தை திறக்க முடியாத பேட்டரி மூடி இருக்கிற மெஷின் கேளுங்கள், கிடைக்கும்.

பெரம்பூர் பாபு:

செலவு யாரும் பேசவில்லையே. தனியாரில் முடியாதென்றால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி ஜிஹெச்சில் ஈஎன்டிக்குத் தனித் துறையே இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டு போட்டுவிட வேண்டும், பழைய சீட்டு, எக்ஸ்ரே எல்லாம் கையில் இருக்கட்டும். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள், ஆனால் வேலை ஒழுங்காக நடக்கும். என் அக்கா பையன் பிறவியிலேயே காது கேட்காதவன், 3 வயதில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் ஆபரேஷன் செய்து பொருத்தும் கேட்கும் கருவி) வைத்தார்கள். 6 வயதுக்குள் இருந்தால்தான் அந்தத் திட்டத்தில் கிடைக்கும், வருமான வரம்பும் உண்டு. அதற்கப்புறம் பேச்சுப் பயிற்சிக்கு மாதக்கணக்கில் அலைந்தாள். இப்போது அவன் வாயை மூட வைக்கத்தான் ஆள் தேவை.

மடிப்பாக்கம் மீனா:

எல்லோருக்கும் நன்றி, பதில் போட ஐந்து மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு ஒரு சந்தேகம்.

வியாழக்கிழமையைத் தள்ளிப்போட்டோம். சுதா சொன்ன மாதிரி வீடியோ எடுத்தேன். ஏழாவது நிமிஷத்தில் மூச்சு நின்றது. நான் எண்ணினேன், ஒன்பது வரை வந்தது, அப்புறம்தான் அவன் திணறிப் புரண்டான். அன்றைக்கு நானும் அவரும் தூங்கவில்லை. புதிதாகப் பார்த்த டாக்டரிடம் வீடியோவைக் கொடுத்தோம், காது டெஸ்ட்டும் எடுத்தோம். இரண்டு காதிலும் அந்தக் கோடு தட்டை. கேட்பது வலது 30, இடது 35 டெசிபல் குறைவு. கட்டையைக் கூடையில் போடுகிற விளையாட்டில் அவன் பாதி நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். 'கேட்கலையா கண்ணா?' என்று நான் கேட்டுவிட்டேன், அங்கிருந்த பெண் வாயில் விரல் வைத்தார். அந்த அரைமணி நேரம் எனக்கு மறக்காது. எத்தனை முறை 'காது என்ன செவிடா?' என்று கத்தியிருப்பேன்.

மூன்று மாதம் ஸ்ப்ரேயோடு பார்த்தோம். குறட்டை கொஞ்சம் குறைந்தது, கோடு அப்படியேதான் இருந்தது, மூச்சு நிற்பதும் முழுசாகப் போகவில்லை. அதனால் அரையாண்டு லீவில் அடினாய்டு எடுத்து, குரோமெட்டும் வைத்தார்கள். டான்சில் சின்னதாகத்தான் இருக்கிறது, விட்டுவிடலாம் என்றார். வீடு வந்த அன்று மதியம் பையன் சமையலறை வாசலில் வந்து நின்று, "அம்மா, ஃபேன் ஏன் சத்தம் போடுது?" என்றான். எங்கள் வீட்டு மின்விசிறி மூன்று வருடமாக அப்படித்தான் கிரீச்சிடுகிறது. மிஸ்ஸிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன், அவரும் கண் கலங்கிவிட்டார், பாவம், அவருக்கு எப்படித் தெரியும்.

அத்தைக்கு அந்த எப்ளே முறை ஒரே தடவையில் சரியாகிவிட்டது. காலரைக் கழுவிக் காயப்போட்டு, "எதுக்காவது ஆகும்" என்று எடுத்து வைத்திருக்கிறார். காது டெஸ்டில் மேல் சுருதி நன்றாகவே இறங்கியிருக்கிறது, மெஷின் போட வேண்டும் என்றார்கள். "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முணுமுணுன்னு பேசறீங்க" என்று இன்னும் வாதாடுகிறார். இப்போது வீட்டில் சண்டை ரிமோட்டுக்கு: பையன் 16-இல் வைக்கிறான், அவர் 38-க்கு ஏற்றுகிறார், அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். நேற்று அவனே போய், "பாட்டி, உனக்கும் கட்டை விளையாட்டு விளையாடின அக்கா மெஷின் தருவாங்க, போலாமா?" என்று கேட்டிருக்கிறான். அவன் கேட்டதும் சரி என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை போகிறோம்.

சந்தேகம் இதுதான்: குரோமெட் இருக்கும்போது தலைக்கு ஊற்றலாமா? கோடை விடுமுறைக்கு நீச்சல் வகுப்பு சேர்க்கச் சொல்லித் தினமும் நச்சரிக்கிறான்.

ஆடியோ அக்கா:

தாராளமாகத் தலைக்கு ஊற்றுங்கள். சோப்புத் தண்ணீர் மட்டும் காதில் தேங்கக்கூடாது, பஞ்சில் கொஞ்சம் வாஸ்லைன் தடவிக் காது வாசலில் வைத்துவிட்டு, குளித்ததும் எடுத்துவிடுங்கள். நீச்சல் மேலாக அடிக்கலாம், டைவ் அடிப்பதும் ஆழத்துக்குப் போவதும் இப்போதைக்கு வேண்டாம். காதிலிருந்து நீரோ சீழோ வடிந்தால் உடனே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். சேர்ப்பதற்கு முன்னால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை அத்தையோடு போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் முதல் முறை மெஷின் மாட்டும்போது எதிரே உட்கார்ந்து அவனே பேசட்டும்.